பேங்க் வேலைக்கு எந்த வழி: நேர்ப் பட்டமா, பயிற்சியோடு பட்டமா, பட்டத்துக்குப் பின் அப்ரண்டிஸா?

ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்களும் பி.காம் கடைசி வருடத்தில் இருப்பவர்களும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "அக்கா, அப்ரண்டிஸ் போகலாமா, இல்லை நேரா எக்ஸாமுக்குப் படிக்கலாமா?" எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பதிலைச் சொல்ல எனக்குத் தெரியாது. உதகை டவுனில் வீடு இருப்பவரின் கணக்கும் பந்தலூரில் எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவரின் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் எதை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். நான் கோத்தகிரிப் பக்கம். உதகை அரசு கலைக் கல்லூரியில் பி.காம் முடித்து, பொதுத்துறை வங்கி ஒன்றின் கிளையில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்தேன். அப்புறம் தேர்வு எழுதி இப்போது கவுன்டரில் வேலை பார்க்கிறேன். அந்த ஒரு வருடம் எனக்கு நிறையவே கொடுத்தது. இருந்தாலும் எல்லோரையும் அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளும் சரி, பெற்றோரும் சரி, முதலில் கேட்பது மாதம் எவ்வளவு என்று. அதைக் கடைசியில் கேளுங்கள். மலையில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, பயிற்சி எந்த ஊர்க் கிளையில் என்பதை. அடுத்தது, பயிற்சி முடிகிற அன்று கையில் பட்டம் இருக்குமா என்பது. மூன்றாவது, சாயங்காலம் வீடு வந்த பிறகு தேர்வுக்குப் படிக்க உடம்பில் தெம்பு மிஞ்சுமா என்பது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் தரும் உதவித்தொகை, கொஞ்சம் குறைந்தாலும் போகலாம். மூன்றில் ஒன்று இடித்தாலும், பதினைந்தாயிரம் கொடுக்கிறார்கள் என்பதற்காகக் கிளம்பிவிடாதீர்கள்.

இங்கிலாந்தில் நடப்பது வேறு

"லண்டனில் பேங்க்கே காலேஜ் ஃபீஸ் கட்டி, சம்பளமும் கொடுத்து டிகிரி வாங்கித் தருகிறதாமே, அது இங்கே கிடையாதா?" என்று வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பது உண்மைதான். இங்கிலாந்தில் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் 2015-ல் தொடங்கியது. பள்ளி முடித்து வருபவரை வங்கி ஊழியராகவே எடுத்துக்கொள்கிறது. வாரத்தில் பெரும்பகுதி அலுவலகத்தில், மிச்ச நேரம் பல்கலைக்கழகப் படிப்பில் என்று மூன்று, நான்கு வருடம் ஓடும். படிப்புக் கட்டணம் மாணவர் தலையில் விழாது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 முதல் அங்கே 0.5 சதவீதம் அப்ரண்டிஸ்ஷிப் வரி கட்டுகின்றன. கட்டிய பணத்தை இப்படி ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கவே திரும்பப் பயன்படுத்தலாம். பெரிய வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டுச் சட்டத்தில் அடிப்படையே வேறு. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பி.எஃப். கிடையாது, பணிமூப்பு கிடையாது. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, கொடுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. பி.காம், பி.ஏ. போன்ற பட்டக்காரர்களுக்கு இந்தச் சட்டத்தின் கதவு அகலமாகத் திறந்ததே 2014 திருத்தத்துக்குப் பிறகுதான். ஆகவே அங்கே இருப்பதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே இருப்பதை எடை போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

பட்டத்துக்குள்ளேயே பயிற்சி

இங்கிலாந்து முறைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது, சுருக்கமாக ஏ.இ.டி.பி. என்று சொல்லப்படுகிற பயிற்சியோடு இணைந்த பட்டப்படிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2025-ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று வருடப் படிப்பில் குறைந்தது ஒரு செமஸ்டர், அதிகபட்சம் மூன்று செமஸ்டர் வரை நிறுவனத்தில் பயிற்சி எடுக்கலாம். நான்கு வருடப் படிப்பில் இரண்டிலிருந்து நான்கு செமஸ்டர் வரை. பயிற்சிக்கே கிரெடிட் உண்டு. மார்க் ஷீட்டில் ஏறும். வங்கி, நிதி, காப்பீடு என்ற மூன்றையும் சேர்த்து பி.காம் பிரிவாகவே சில கல்லூரிகள் நடத்துகின்றன. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி பட்டப்படிப்பு அளவிலான அப்ரண்டிஸுக்கு மாதம் 9,000 ரூபாய் குறைந்தபட்சம். இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025-ல் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரைத்தது.

பட்டம் முழுப் பட்டம்தான். அதை வைத்து எந்தப் போட்டித் தேர்வும் எழுதலாம். மூன்று வருடம் முடியும்போது கையில் டிகிரியும் இருக்கிறது, வேலை பார்த்த பழக்கமும் இருக்கிறது, வீட்டில் ஒரு வருடம் செலவு கேட்கவும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் இந்த வழியில் நம்பிக்கை உண்டு. ஆனால் மலையில் இருந்து பார்த்தால் இரண்டு சங்கடம்.

முதல் சங்கடம், பயிற்சி இடம். வங்கி, நிதி, காப்பீடு என்று பாடப்பிரிவின் பெயரில் மூன்றும் இருக்கும். ஆனால் பயிற்சிக்கு அனுப்பும் இடம் வங்கிக் கவுன்டராக இருக்க வேண்டும் என்பதில்லை. நகைக்கடன் கம்பெனி, மைக்ரோ ஃபைனான்ஸ், இன்சூரன்ஸ் ஏஜென்சி, கிரெடிட் கார்டு விற்கும் கால் சென்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். என்னோடு படித்த தோழியின் தங்கை, பேங்க் பயிற்சி என்று நம்பிப் போய், கோவையில் ஒரு நிறுவனத்தில் நாள் முழுக்க போனில் லோன் வேண்டுமா என்று கேட்கும் வேலையைத்தான் பார்த்தாள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. கிரெடிட் மட்டும் ஏறியது. கல்லூரியில் சேரும்போதே, முந்தின செட் மாணவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். "டை-அப் இருக்கிறது" என்ற பதில் போதாது. எந்த நிறுவனம், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டு, முடிந்தால் போய்வந்த ஒருவரிடம் பேசிப் பாருங்கள்.

இரண்டாவது சங்கடம், தூரம். நீலகிரியில் பயிற்சி கொடுக்கிற அளவுக்குப் பெரிய நிறுவனங்கள் குறைவு. கடைசியில் கோவை, திருப்பூர் என்றுதான் அனுப்புவார்கள். கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திண்டுக்கல்லோ மதுரையோ. 9,000 ரூபாயில் அறை வாடகை, சாப்பாடு, வாரக் கடைசியில் மலையேறும் பஸ் என்று போட்டுப் பாருங்கள். வீட்டில் இருந்து பணம் வாங்கிக்கொண்டுதான் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் வரும் மாதம் 1,000 ரூபாயும் இந்தக் கணக்கில் ஒரு துணைதான். அது வழக்கமான கல்லூரிப் படிப்புக்கு வருவது. அதனால் அதை நம்பியிருப்பவர்கள் கல்லூரியை விட்டுவிட்டுத் தொலைதூரக் கல்விக்கு மாற நினைத்தால் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பட்டம் முடித்து ஒரு வருடம்

நான் போனது இந்த வழி. பொதுத்துறை வங்கிகள் அவ்வப்போது பட்டதாரி அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 28 வரை, பயிற்சிக் காலம் ஒரு வருடம். 2023-ல் ஸ்டேட் பேங்க் 6,160 பேருக்கு அறிவிப்பு விட்டது; ஸ்டைபெண்ட் 15,000. 2024-ல் கனரா வங்கி 3,000 பேருக்கு விட்டது. அதுவும் 15,000, அதில் 4,500 அரசின் பங்கு. அதே வருடம் இந்தியன் வங்கி 1,500 பேரை எடுத்தபோது நகரக் கிளைகளுக்கு 15,000 என்றும் கிராம, சிறுநகரக் கிளைகளுக்கு 12,000 என்றும் வைத்தது. மலைக் கிளைகளில் பலவும் இரண்டாவது வகையில்தான் வரும். அந்த மூவாயிரம் குறைவதைப் பார்த்துக் கோவைக்கு விருப்பம் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் இருந்து போய்வருவதால் மிஞ்சும் பணம் அதைவிட அதிகம்.

தேர்ந்தெடுக்கும் முறை வங்கிக்கு வங்கி மாறும். ஸ்டேட் பேங்க் ஆன்லைன் தேர்வு வைத்தது. கனரா 2024-ல் தேர்வே வைக்காமல் ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போட்டது. ப்ளஸ் டூ மார்க் நன்றாக இருப்பவர்கள் இந்த மாதிரி அறிவிப்புகளைத் தவற விடக்கூடாது. எல்லாவற்றிலும் உள்ளூர் மொழித் தகுதி உண்டு. பத்தாவதிலோ பன்னிரண்டிலோ தமிழ் படித்த சான்று இருந்தால் மொழித் தேர்வு கிடையாது. கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாள வழியில் படித்தவர்களுக்கு மட்டும் இது இடிக்கும். வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ் பேசினாலும், தமிழில் படிக்கவும் எழுதவும் பழகிக்கொண்டு போக வேண்டும்.

சரி, உள்ளே போனால் என்ன செய்வோம்? லாகின் ஐ.டி. கிடைக்காது, பணத்தைத் தொட விடமாட்டார்கள். ஒரு பதிவை ஒருவர் போட, இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது வங்கியின் அடிப்படை விதி. அந்த இரண்டு இடத்திலும் அப்ரண்டிஸுக்குப் பங்கு இல்லை. ஆரம்பத்தில் பாஸ்புக் என்ட்ரி போட்டுக் கொடுப்பது, சலான் நிரப்புவது, வாடிக்கையாளர் அடையாள விவரங்களுக்கான கே.ஒய்.சி. படிவம் வாங்குவது, கணக்குத் திறக்கும் ஃபைலை வரிசைப்படுத்துவது என்றுதான் போகும். இது போர் அடிக்கிறது என்று பாதியில் நின்றவர்கள் உண்டு. நின்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில கிளைகளில் ஒரு வருடம் முழுக்க ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

என் கிளையில் அப்படி இல்லை. மாதம் 15-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் எடுக்க எஸ்டேட் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தேயிலை பறித்துப் பறித்து விரல் ரேகை தேய்ந்திருக்கும், கறை ஏறிக் கறுத்திருக்கும். கைரேகை மெஷினில் வைத்தால் எடுக்காது. "வேற விரல் வைங்கம்மா" என்று பத்து விரலையும் வைத்துப் பார்ப்போம். ஈரத் துணியால் துடைத்து, சேலை முந்தானையில் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, லேசாக வைக்கச் சொன்னால் சிலருக்கு எடுக்கும். அழுத்தி வைத்தால் வராது. பெருவிரலைவிட மோதிர விரலில் பலருக்குச் சரியாக வரும். எதுவுமே வராவிட்டால் பாஸ்புக்கோடு பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு வைத்து, அதிகாரி முன்னால் சாட்சியோடு கொடுக்க வேண்டும். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கிளையில் ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் வயதான தப்தரி ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

நகைக்கடனும் அப்படித்தான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். கல்லும் மெழுகும் எவ்வளவு எடை என்று கழிப்பார். அவர் சொல்லச் சொல்ல மொத்த எடை, நிகர எடை என்று தனித்தனியாக எழுதுவது என் வேலையாக இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எத்தனை வளையல், செயின் உள்ளே வருகிறது என்று பார்த்தேன். பச்சை இலை விலை விழுந்த மாதங்களில் அதே நகைகளுக்கு வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு போவதையும் பார்த்தேன். சிறு தேயிலை விவசாயிக்கு வேளாண் கடன் எப்படிக் கொடுக்கிறார்கள், மகளிர் குழுவுக்கு எதை நம்பிக் கொடுக்கிறார்கள், ஒரு கடன் 90 நாள் தவணை நின்றால் ஏன் கிளையே பதறுகிறது என்பதெல்லாம் அங்கேதான் புரிந்தது. நவம்பரில் பென்ஷன்காரர்களின் உயிர்ச் சான்று, ஏப்ரலில் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று முதியவர்கள் கொடுக்கும் படிவம் என்று வருடத்துக்கு ஒரு சுழற்சி உண்டு. ஒரு வருடம் முழுதாக இருந்தால்தான் அந்தச் சுழற்சி பிடிபடும். மூன்று மாத இன்டர்ன்ஷிப்பில் இது வராது. பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தபோது கவுன்டரில் கூட்டத்தைப் பார்த்துக் கை நடுங்காமல் இருந்ததற்கு இந்த வருடம்தான் காரணம்.

இதற்கு விலையும் உண்டு. முதலாவது நேரம். வாடிக்கையாளர் நேரம் நான்கு மணிக்கு முடிந்தாலும் அன்றையக் கணக்கு முடிந்து கிளம்ப ஆறாகிவிடும். மலையில் கடைசி பஸ் ஒன்றைத் தவற விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. பனிக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டு. வீடு போய்ச் சேர்ந்து, குளிரில் கைகால் விறைத்து உட்கார்ந்து ரீசனிங் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. மழைக்காலத்தில் கலெக்டர் பள்ளி கல்லூரிகளுக்கு லீவு விடுவார். வங்கிக்கு லீவு கிடையாது. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து கிடக்கிற அன்றும் பென்ஷன்காரர் வந்து நிற்பார், நாமும் இருந்தாக வேண்டும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளும் ஞாயிறுகளும்தான் படிக்கக் கிடைக்கும் முழு நாட்கள். அதை விட்டுவிட்டால் அந்த வருடம் தேர்வு எழுதியும் பயன் இருக்காது.

இரண்டாவது விலை, திரும்பக் கிடைக்காத வாய்ப்பு. இந்தச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே அப்ரண்டிஸ் பயிற்சி எடுத்தவரும், பட்டத்துக்குப் பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவரும் விண்ணப்பிக்க முடியாது என்று வங்கி அறிவிப்புகளில் ஒரு வரி இருக்கும். கல்லூரியிலேயே பயிற்சியோடு பட்டம் எடுத்தவர்கள் அந்த வரியைப் பலமுறை படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பட்டத்துக்குள் செய்த பயிற்சி அப்ரண்டிஸ் ஒப்பந்தமாகப் பதிவாகியிருந்தால் இந்தக் கதவு மூடிவிடக்கூடும். இரண்டு வழியிலும் காலை வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

பயிற்சி முடித்தால் அதே வங்கி எடுத்துக்கொள்ளுமா? எடுத்துக்கொள்ளாது. தேர்வுதான் எழுத வேண்டும். ஸ்டேட் பேங்கில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு மட்டும், கிளார்க் பதவிக்கான ஜூனியர் அசோசியேட் தேர்வில் வயது வரம்பில் சலுகையும் சிறிதளவு கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு என்று அறிவிப்புகளில் வந்திருக்கிறது. கட்-ஆஃப் அரை மார்க்கில் போகிற தேர்வில் அது சின்ன விஷயமில்லை. மேனேஜர் நம்மைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வார் என்று நம்பி இருந்தவர்களும் உண்டு. பொதுத்துறை வங்கியில் மேனேஜர் நினைத்தாலும் ஒரு ஆளை உள்ளே எடுக்க முடியாது. அவர் நல்லவராக இருந்தால், தேர்வுக்கு முந்தின வாரம் நாலு மணிக்கே வீட்டுக்கு அனுப்புவார். நம்மால் எதிர்பார்க்க முடிவது அவ்வளவுதான்.

நேராகத் தேர்வு

பி.காமோ வேறு ஏதாவது பட்டமோ முடித்துவிட்டு, நேராக, பொதுத்துறை வங்கிகளுக்குப் பொதுவாகத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ்., ஸ்டேட் பேங்க் தேர்வுக்குப் படிப்பது பழைய வழி. கிளார்க் பதவிக்கு இப்போது கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று பெயர். வயது 20 முதல் 28. பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் ஐந்து வருடம், பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று வருடம் சலுகை உண்டு. இருளர், பணியர், குறும்பர் பிள்ளைகளில் பட்டம் முடித்தவர்கள் பலர் இந்தச் சலுகையைத் தெரிந்துகொள்ளாமலே 28 தாண்டிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வு கிடையாது. ஆங்கிலப் பகுதி தவிர மற்றதைத் தமிழிலேயே எழுதலாம்.

பணத்தை வைத்துப் பார்த்தால் இந்த வழிதான் முன்னால் நிற்கும். 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தப்படி கிளார்க்கின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 24,050. அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் உண்டு. அப்ரண்டிஸ் ஸ்டைபெண்ட் அதன் பக்கத்தில் வராது. ஆகவே முதல் முயற்சியிலேயே தேர்வை எட்டிப் பிடித்துவிடக்கூடியவர் அப்ரண்டிஸ் போவது ஒரு வருடச் சம்பளத்தையும் பணிமூப்பையும் விடுவதற்குச் சமம்.

ஆனால் எத்தனை பேருக்கு முதல் முயற்சியில் கிடைக்கிறது? மலையில் நல்ல கோச்சிங் கிடையாது என்றே சொல்லலாம். கோவைக்குப் போய்த் தங்கிப் படிக்க வசதியுள்ளவர்கள் போகிறார்கள். மற்றவர்கள் போனில் வகுப்பு பார்க்கிறார்கள். மஞ்சூர், எருமாடு பக்கம் சிக்னல் கிடைக்கிற இடம் தேடித்தான் அதுவும். தேர்வு மையம் பெரும்பாலும் கோவை. காலை எட்டு மணிக்கு மையத்தில் இருக்க வேண்டும் என்றால் முந்தின நாளே இறங்கித் தங்க வேண்டும். இரண்டாவது வருடமும் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, குறிப்பாகப் பெண்களுக்கு, கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். அப்ரண்டிஸ் வருடம் எனக்குக் கொடுத்த பெரிய நன்மைகளில் ஒன்றாக இதையும் சொல்வேன்: காலையில் கிளம்பி பேங்க்குக்குப் போகிற பெண்ணிடம் "இன்னும் எத்தனை நாள் படிப்பாய்" என்று யாரும் கேட்கவில்லை.

பணம் கட்டிச் சேரும் பயிற்சி

சில வங்கிகள் தனியார் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து ஒரு வருட வங்கி டிப்ளமோ நடத்துகின்றன. லட்சக்கணக்கில் கட்டணம். கையில் இல்லையென்றால் கடனும் ஏற்பாடு செய்து தருவார்கள். படிப்பு முடிந்ததும் அதே வங்கியில் வேலை. வேலை உறுதி என்பதால் பெற்றோருக்குப் பிடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. சம்பளத்தில் இருந்து ஈ.எம்.ஐ. போகும், சில வருடம் அங்கேயே இருந்தாக வேண்டிய நிபந்தனையும் இருக்கலாம், பல இடங்களில் முதல் வேலையே டார்கெட் வைத்து விற்பதுதான். இன்னொன்று முக்கியம்: வேலையில் சேரும்போது சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், நன்றாக இருக்க வேண்டும் என்று ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளில் நிபந்தனை வருகிறது. கல்விக் கடன் தவணையைச் சில மாதம் தவற விட்டவர் தேர்வில் ஜெயித்தும் வாசலில் நிற்க வேண்டிவரும். போனில் ஆப் மூலம் சின்னச் சின்னக் கடன் வாங்கிவிட்டுக் கட்டாமல் விடுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பேச்சில் கெட்டியாக இருப்பவர்கள், மாநிலம் விட்டுப் போகத் தயங்காதவர்கள், விற்பனையை விரும்பிச் செய்பவர்கள் போகலாம். மற்றவர்கள் வேண்டாம்.

யாருக்கு எது

இப்போது ப்ளஸ் டூ முடித்திருக்கிறீர்கள் என்றால், முதலில் பக்கத்துக் கல்லூரியில் வழக்கமான பட்டத்தில் சேருங்கள். பயிற்சியோடு சேர்ந்த பிரிவு அங்கே இருந்து, பயிற்சி இடம் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உண்மையான வங்கிக் கிளையாகவோ கூட்டுறவு வங்கியாகவோ இருந்தால், அதைத் தயங்காமல் எடுங்கள். அது அமையாவிட்டால் சாதாரண பி.காமே மேல். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனியில் சேர்ந்துகொண்டு தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கிவிடலாம் என்பவர்கள், வீட்டுக் கஷ்டத்தால் அப்படிச் செய்தால் அது வேறு விஷயம். மற்றபடி அந்த வழியில் பட்டம் தள்ளித் தள்ளிப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். பட்டம் இல்லாமல் கிளார்க் தேர்வுக்கு விண்ணப்பமே போட முடியாது.

பட்டம் முடித்தவர்களில், மாதிரித் தேர்வுகளில் கட்-ஆஃபை ஒட்டி வருகிறவர் வேறு எதையும் பார்க்காமல் தேர்வுக்கே படியுங்கள். ஆறு மாதம் முழுமூச்சாகப் படித்தால் எட்டிவிடக்கூடிய தூரம் அது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் இன்னும் வெகுதூரம் போக வேண்டியவர், வீட்டில் வருமானமும் தேவைப்படுபவர், பேங்க் வேலை தனக்கு ஒத்துவருமா என்றே தெரியாதவர், இவர்களுக்கு அப்ரண்டிஸ் வருடம் நல்லது. ஆனால் நீலகிரிக்குள்ளேயே கிடைத்தால் மட்டும். சிறிய மாவட்டம், இடம் குறைவாகத்தான் வரும். மாவட்ட விருப்பம் கேட்கும்போது நீலகிரியை முதலில் போடுங்கள். கூடலூரில் இருப்பவருக்கு உதகைக் கிளை கிடைத்தாலும் நடுவட்டம் ஏறி 50 கிலோமீட்டர். தினமும் போய்வருவதா, தங்குவதா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கோவையோ சென்னையோ கிடைத்தால், அங்கே ஏற்கெனவே சொந்தக்காரர் வீடு இருந்தால் தவிர, விட்டுவிடச் சொல்வேன். தங்கல் செலவு போக மிஞ்சும் பணத்துக்காக ஒரு வருடத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

கூட்டுறவு வழியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் மூலம் ஆள் எடுப்பார்கள். அதற்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். மலையை விட்டு இறங்க முடியாத குடும்பச் சூழல் இருப்பவர் அந்தக் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சியை முடித்து வைத்துக்கொள்வது, வங்கி அப்ரண்டிஸைவிடக் கைகொடுக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

எந்த அப்ரண்டிஸ் இடமாக இருந்தாலும், அப்ரண்டிஸ் பயிற்சிக்கான மத்திய அரசின் என்.ஏ.டி.எஸ். இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகிறதா என்று பாருங்கள். பதிவாகாமல் "பயிற்சி" என்று சொல்லி உட்கார வைத்தால், கடைசியில் அரசுச் சான்றிதழும் வராது, அரசின் பங்கும் வராது. வங்கியின் பங்கு ஒரு தேதியிலும் அரசின் பங்கு வேறு தேதியிலும் வரக்கூடும் என்பதால் முதல் சில மாதங்களுக்குக் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். விடுப்பு எத்தனை நாள், அதற்கு மேல் எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், தேர்வு நாளுக்கு விடுவார்களா, நடுவில் வேலை கிடைத்து விலகினால் ஏதாவது பணம் கட்ட வேண்டுமா என்ற நான்கையும் சேரும் அன்றே மேனேஜரிடம் நேரில் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. என் கிளையில் நான் கேட்டேன். அவர் ஒப்பந்தத்தை எடுத்து வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டித்தான் பதில் சொன்னார்.